ஏழு ஆண்டுகள் கையோடு வந்த 8×25 மோனோகுலர்: உறை, வார், ஈரம், துடைப்பு

என்னிடம் இருப்பது 8×25 வகை ஒற்றைக்கண் தொலைநோக்கி. எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்பக்க வில்லையின் விட்டம் 25 மில்லிமீட்டர். மூடிய கைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் இந்தக் கருவியை ஏழு ஆண்டுகளாக நடைப்பயிற்சியிலும், பறவை பார்க்கப் போகும்போதும், அரங்குகளின் பின்வரிசையில் உட்காரும்போதும் பயன்படுத்தி வருகிறேன். அதன் காட்சித் தெளிவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அதை எதில் வைத்தேன், எப்படித் தொங்கவிட்டேன், எதனால் அது கெட்டது, எதனால் கெடாமல் தப்பியது என்பவைதான் இந்தப் பகிர்வின் பொருள். சிறிய மோனோகுலரை ஒருவர் வாங்குவதே அது எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வேண்டிய நொடியில் கைக்கு வராவிட்டால், பெரிய இருகண் நோக்கியை வீட்டில் விட்டுவிட்டு இதை வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

கருவியோடு ஓர் உறை வந்தது. தடித்த நைலான் துணி, உள்ளே பஞ்சு வைத்த மெத்தை, மேலே மடிந்து வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளும் மூடி. பார்வைக்கு மிகவும் பாதுகாப்பானது. முதல் ஆண்டு முழுவதும் அதைத்தான் இடுப்பு பெல்ட்டில் கோத்திருந்தேன். ஒரு கையால் உறையைப் பிடித்து, மறுகையால் வெல்க்ரோவைப் பிரித்து, இறுக்கமான மெத்தைக்குள்ளிருந்து கருவியை உருவி, முன்மூடியையும் பின்மூடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, அதன் பிறகுதான் கண்ணருகே கொண்டுபோக முடியும். ஒருநாள் ஓடைக்கரையில் தாழ்ந்த கிளையொன்றில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. நான் வெல்க்ரோவைப் பிரித்த 'சர்ர்' என்ற ஓசையில் அது தலையைத் திருப்பியது. கருவியை வெளியே எடுத்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த உறை கருவியைக் காத்தது உண்மைதான், ஆனால் அதைப் பயன்படுத்தவிடாமலும் காத்தது.

அதனால் எரிச்சலுற்று உறையை வீட்டில் விட்டுவிட்டு, கருவியை அப்படியே கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். ஏழு ஆண்டுகளில் நான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். சட்டைப் பையையோ கால்சட்டைப் பையையோ உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிப் பார்த்தால், தையல் ஓரத்தில் நூல்துகளும் மண்ணும் ஒரு சிறு திரியாகச் சேர்ந்திருப்பதைக் காணலாம். அந்த மண்ணில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். எண் கூடக்கூடக் கடினம் கூடும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. வில்லைக் கண்ணாடிகள் பெரும்பாலும் 5.5 முதல் 6 வரைதான். வில்லையின் மேலுள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு அதைவிடவும் மென்மையாகக் கையாள வேண்டிய பகுதி: பலகாலமாகப் பயன்பாட்டில் உள்ள மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சின் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர்தான். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை எதிரொளித்துவிடும். பல வில்லைகளும் முப்பட்டகங்களும் உள்ள கருவியில் அந்த இழப்பு பரப்புக்குப் பரப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால்தான் அந்த மெல்லிய படலத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

பைக்குள் கிடந்ததால் மட்டும் கீறல் விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணருகு வில்லையில் தூசி படிந்திருப்பதைக் கண்டவுடன் சட்டை நுனியால் வட்டமாகத் தேய்த்துத் துடைத்தேன். ஒட்டியிருந்த மணல்துகளைக் கண்ணாடியின்மேல் நானே அழுத்தி உருட்டியிருக்கிறேன். இன்றும் அந்த வில்லையை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால், அரைவட்டமாக மூன்று மெல்லிய கோடுகள் தெரிகின்றன. சாதாரண வெளிச்சத்தில் அவற்றால் தொல்லை இல்லை. மாலை வெயிலை எதிர்நோக்கிப் பார்க்கும்போது மட்டும் காட்சியின்மேல் பால் கலந்ததுபோல ஒரு வெளிறல் பரவுகிறது. அது இனிப் போகாது.

அதன்பின் துடைக்கும் முறையை முற்றிலும் மாற்றிக்கொண்டேன். முதலில் ரப்பர்க் குமிழ் ஊதியால் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுகிறேன். போகாத துகளை மென்மையான தூரிகையால், கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தட்டிவிடுகிறேன். கண்ணுக்குத் துகள் எதுவும் தெரியாத நிலை வந்த பிறகே, இமைமுடியிலிருந்து ஒட்டும் எண்ணெய்க் கறையை எடுக்க, வில்லைக்கான திரவத்தில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, அழுத்தாமல், ஒருமுறை துடைக்கிறேன். துணியைச் சிறிய ஜிப் பைக்குள்தான் வைக்கிறேன்; பைக்குள் திறந்து கிடந்த மைக்ரோஃபைபர் துணி தானே மணலைச் சேர்த்துவைத்திருக்கும். முன்பக்க வில்லையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடுவதில்லை. அதன்மேல் சில தூசிகள் இருந்தாலும் காட்சியில் தெரியாது. கண்ணருகு வில்லையின் கதை வேறு: இந்தக் கருவியிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலமே 25-ஐ 8-ஆல் வகுத்த 3.1 மில்லிமீட்டர்தான் என்பதால், அங்கே ஒரு விரல்ரேகை பட்டாலும் படம் மங்கிவிடும்.

அடுத்து ஈரம். கீழே விழுந்து கெட்ட கருவிகளைவிட ஈரத்தில் கெட்ட கருவிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதற்கு முன் வைத்திருந்த விலை குறைந்த மோனோகுலரை நானும் அப்படித்தான் இழந்தேன். அது காற்றுப்புகாமல் அடைக்கப்பட்டது அல்ல. ஒரு மழைக்காலம் முழுவதும் அதைத் தோல் உறைக்குள் மூடி, அலமாரியின் இருண்ட மூலையில், பத்திரமாக வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது காட்சி புகைபடிந்தாற்போல இருந்தது. முன்பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். வில்லையின் உட்புற ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி, சிலந்தி இழையைவிட மெல்லிய வெண்ணிற நூல்கள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. பூஞ்சை. அது வெளியிடும் அமிலம் பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரித்துவிடும் என்பதால், பிரித்துச் சுத்தம் செய்தாலும் தடம் எஞ்சும். இருட்டு, அசையாத காற்று, 70 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதம், உண்பதற்குத் தூசியோ எண்ணெயோ கொஞ்சம். இவை போதும் அதற்கு. தோல் உறை இவை அத்தனையையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டது. தோல் உறையின் அழகை நான் மறுக்கவில்லை. வெளியே போகும்போது அணிந்துகொள்ளலாம், கருவியை நாள்கணக்கில் அதற்குள் மூடி வைக்கக் கூடாது.

இப்போதைய கருவி உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டது. நீர் புகாமைக்கான ஐபிஎக்ஸ் 7 தரம் கொண்டது, அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் கிடந்தாலும் தாங்க வேண்டும். புதிதாக வாங்குபவர் உறைக்கும் வாருக்கும் செலவிடுவதற்கு முன் இந்த அடைப்புக்குச் செலவிடட்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் நைட்ரஜன் காப்பது உட்புறத்தை மட்டுமே. வில்லைகளின் வெளிப்பரப்பிலும், ரப்பர் வளையத்தின் மடிப்புகளிலும் பூஞ்சை வளர அதனால் தடை இல்லை. மழையில் நனைந்து வந்த நாளில் உடலைத் துணியால் ஒற்றியெடுத்து, மூடிகளைப் போடாமல், கண்பக்க வளையத்தை உயர்த்தி, இரவு முழுவதும் மின்விசிறி ஓடும் அறையில் திறந்தே வைக்கிறேன். உறையைத் தனியே உலரவிடுகிறேன். கடற்கரையில் உப்புத்துளி பட்டால், இத்தரக் கருவியை நன்னீரில் அலசிவிடலாம்; அடைப்பில்லாத கருவியில் அதைச் செய்யவே கூடாது.

பயன்படுத்தாத வாரங்களில், ரப்பர் விளிம்புள்ள உணவு டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அவை ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். சுமார் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் மீண்டும் ஆரஞ்சு நிறமாகும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்தவுடன் வில்லையின்மேல் பனிபோல மூடிக்கொள்வதற்கும் எளிய வழி உண்டு. அறையை விட்டு வெளியேறும் முன்பே கருவியை ஜிப் பைக்குள் மூடிவிட்டால், நீர் பைக்கு வெளியே படியும். கால்மணி நேரத்தில் கருவி வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். அந்தப் பனியை அவசரப்பட்டுத் துடைப்பதால்தான் பலருடைய வில்லையில் கோடு விழுகிறது.

வாரைப் பற்றி. கருவியோடு தரப்படும் மணிக்கட்டு வார் மெல்லிய கயிறு. அது நுழையும் துளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துளை உலோக உடலோடு சேர்ந்ததா, மேலே பொருத்திய பிளாஸ்டிக் வளையமா? என் கருவியில் பிளாஸ்டிக். மூன்றாம் ஆண்டில் அந்த வளையத்தின் உட்புறம் கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்திருந்ததைத் தற்செயலாகக் கண்டேன். கயிறு புத்தம்புதிதாக இருந்தது, வளையம்தான் அறுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து துளைக்குள் வழுவழுப்பான மெல்லிய பின்னல் கயிற்றால் ஒரு சிறு கண்ணி போட்டு, பாரச்சூட் கயிற்றால் செய்த வாரை அந்தக் கண்ணியில் மாட்டுகிறேன். உராய்வது கண்ணியாக இருக்கும். அதை ஆண்டுதோறும் மாற்றிவிடுகிறேன்.

கழுத்தில் தொங்கவிடுவதை இரண்டு ஆண்டுகள் முயன்றேன். வார் நீளமாக இருந்தால் குனியும்போதெல்லாம் கருவி ஊசலாடி பாறையிலோ மேசை விளிம்பிலோ மோதும். விலா எலும்பு முடியும் இடத்துக்கு மேலே, நெஞ்சோடு ஒட்டி நிற்கும் அளவுக்குச் சுருக்கினால் ஆட்டம் பெருமளவு குறையும். புதர்களுக்குள் நடப்பவர்களும் குழந்தைகளும் கழுத்து வார் அணிந்தால், இழுத்தால் தானே பிரியும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும்; இதில் நான் சமரசத்துக்கு இடம் தரமாட்டேன்.

நான்காம் ஆண்டிலிருந்து மாறாமல் இருப்பது முதுகுப்பையின் தோள்வாரில், இடது நெஞ்சின்மேல் கட்டிய சிறு பை. உள்ளே மென்மையான பின்னல் துணி, வெளியே நெருக்கமாக நெய்த நைலான், மேலே மூடியை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் வளையம். வெல்க்ரோ இல்லை. காந்த மூடி உள்ள பை ஒன்றையும் சில மாதங்கள் வைத்திருந்தேன். ஓசையே இல்லாமல் திறந்து மூடியது, ஆனால் அதே தோள்வாரில் மாட்டியிருந்த திசைகாட்டியின் முள் அதன் பக்கம் திரும்பி நின்றதைக் கண்டவுடன் கழற்றிவிட்டேன். நியோப்ரீன் என்ற நுரைரப்பர் உறையும் அடியைத் தாங்கும், ஆனால் நனைந்தால் எளிதில் உலர்வதில்லை. பைக்குள் கருவியை முன்வில்லை கீழே இருக்குமாறு வைக்கிறேன். தூசி பையின் அடியில்தான் சேரும்; முன்வில்லை விளிம்பிலிருந்து சற்று உள்வாங்கியிருப்பதால் அந்தத் தூசி அதைத் தொடாது, கண்ணருகு வில்லை மேலே சுத்தமாக இருக்கும். பையை வாரம் ஒருமுறை புரட்டித் தட்டுகிறேன். மூடிகளைப் பயணத்தில் போடுவதே இல்லை. இப்போது இடது கை எலாஸ்டிக்கை விலக்க, வலது கை கருவியை எடுக்க, இரண்டு நொடிகளில் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

விழுந்தது மூன்று முறை. அதில் ஒன்று இடுப்பு உயரத்திலிருந்து பாறைமேல். ரப்பர் கவசத்தில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. இருகண் நோக்கியில் சிறு அடியும் இரண்டு குழல்களின் ஒருங்கமைவைக் குலைத்துத் தலைவலி தரும் இரட்டைப் படத்தை உண்டாக்கிவிடலாம். ஒற்றைக் குழலில் அந்தச் சிக்கலே இல்லை. முப்பட்டகம் நகர்ந்துள்ளதா என்பதை அறிய, இரவில் தொலைதூர விளக்கொன்றைப் பார்த்து அது ஒரே புள்ளியாகக் கூடுகிறதா என்று சோதித்தேன், கூடியது. ஃபோகஸ் வளையத்தில்தான் மணல் நெருடியது. வளையத்தைச் சுற்றாமல் தூரிகையால் இடுக்கைச் சுத்தம் செய்த பிறகே திருப்பினேன்.

கொசு விரட்டி பூசிய கையால் கருவியைத் தொடாதீர்கள். பல விரட்டிகளில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் சிலவகை பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும். மூடிய காரின் முன்கண்ணாடி அருகே வைக்காதீர்கள். வெயிலில் வில்லை திறந்திருக்க வைத்துவிட்டும் போகாதீர்கள். குவியும் கதிர் கருவியின் உட்புறத்தையும் அருகிலுள்ள துணியையும் கருக்கிவிடலாம். சூரியனை இதன்வழி ஒரு கணமும் பார்க்கக் கூடாது என்பதை, கருவியைக் கடன் கேட்கும் ஒவ்வொருவரிடமும் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் ஆண்டின் முடிவில், கண்பக்க ரப்பர் வளையத்தின் விளிம்பில் ஒரு வெடிப்பு தொடங்கியுள்ளது. ஃபோகஸ் வளையம் வாங்கியபோது இருந்ததைவிடச் சற்றுத் தளர்ந்துள்ளது. உள்வில்லைகளில் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் நூலிழை எதுவும் இல்லை. நெஞ்சுப்பையின் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டதால், அடுத்த மழைக்கு முன் அதையும் கண்ணிக் கயிற்றையும் மாற்றப்போகிறேன்.