கழுத்தை மட்டும் அழுத்துவதா, உறை முழுவதையுமா? பழைய .303 துப்பாக்கியும் போல்ட் மூடாத தோட்டாவும்

திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் நான். துப்பாக்கி என் தொழில் அன்று. ஆஸ்திரேலியாவில் உரிமத்துடன் லீ-என்ஃபீல்டு எண் 4 என்ற பழைய .303 இராணுவத் துப்பாக்கி வைத்திருக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் தொலைபேசியில், "மாமா, நானே நிரப்பின தோட்டா, நாலு தடவை நல்லா போச்சு, இப்ப போல்ட் மூட மாட்டேங்குது" என்றான். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் எஃகுத் தண்டு. பொருத்தமும் இடைவெளியும்தானே சிக்கல், அது நம் வேலைதான் என்று உட்கார்ந்தேன். நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், இங்கே எழுதுவது அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கானது. நான் கையில் எடுத்துப் பார்த்தவை அவன் அனுப்பிய அளவுகளும் படங்களும் மட்டுமே.

சுட்ட தோட்டாவின் பித்தளை உறை, துப்பாக்கி அறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) அளவுக்கு உப்பிவிடும். அதை மீண்டும் நிரப்புவதற்கு முன் டையில் (அளவுக்குச் சுருக்கும் எஃகு அச்சு) செலுத்திச் சுருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: கழுத்தை (குண்டைப் பிடிக்கும் குறுகிய முன்பகுதி) மட்டும் சுருக்குவது, உறை முழுவதையும் தொழிற்சாலை அளவுக்குச் சுருக்குவது, முழுச் சுருக்க டையையே சற்று உயர்த்தி வைத்துத் தோளை (கழுத்துக்கும் உடலுக்கும் இடையிலான சரிவு) கொஞ்சம் மட்டும் பின்னே தள்ளுவது. எது சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியின் உடலமைப்பைப் பார்க்காமலே கேட்கிறார்கள்.

.303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. போல்டின் முகத்துக்கும் அறையில் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளியையே ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். விளிம்பின் உச்சத் தடிமன் 1.63 மி.மீ., இராணுவம் அனுமதித்த உச்ச இடைவெளியோ 1.88 மி.மீ. நம் பட்டறை மொழியில் சொன்னால், கோ கேஜுக்கும் (நுழைய வேண்டிய அளவுகோல்) நோ-கோ கேஜுக்கும் (நுழையக் கூடாத அளவுகோல்) இடையே தாராளமாக விட்டிருக்கிறார்கள். சேறும் தூசும் படிந்த தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக அறையின் தோள் பகுதியையும் தாராளமாகவே வெட்டினார்கள். தோள் எங்கே இருந்தாலும் விளிம்பு தாங்கிக்கொள்ளும்; படைவீரன் உறையை மறுபடி பயன்படுத்தப்போவதில்லை.

ஆகவே முழுச் சுருக்கத்தின் பலம் வெளிப்படையானது: தோட்டா எந்த .303 துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். இரண்டு மூன்று துப்பாக்கிகள் வைத்திருப்பவருக்கும், பிறர் சுட்ட உறைகளைப் பொறுக்கிவருபவருக்கும் வேறு வழியில்லை. விலை பித்தளையில் போகிறது. சுடும்போது உறையின் முன்பாகம் அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னே நகர்ந்து போல்டில் மோதுகிறது. அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலிகிறது. ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னே தள்ளினால் ஒவ்வொரு முறையும் இதே இழுப்பு நடக்கும். சில முறை சுட்டதும் அந்த இடத்தில் பளிச்சென்ற வளையம் தெரியும். வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டும். அந்த உறையைத் தயங்காமல் நசுக்கி எறிந்துவிட வேண்டும். உறை இரண்டாகப் பிரிந்து முன்பாதி அறைக்குள் சிக்கினாலும் அடுத்த தோட்டாவை ஏற்றும்போது போல்ட் மூடாது.

கழுத்தை மட்டும் சுருக்கினால் தோள் அறையில் முட்டி நிற்கும், அடிப்பாகம் நகர இடமிருக்காது, பித்தளை நெடுநாள் உழைக்கும். நான் படித்தவரை எல்லோரும் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் லீ-என்ஃபீல்டின் பூட்டுக் காதுகள் (போல்டைப் பிடித்து நிறுத்தும் முனைப்புகள்) போல்டின் பின்பகுதியில் இருக்கின்றன. வெடிக்கும் கணத்தில் போல்டும் அதைத் தாங்கும் உடலும் நெளிந்து மீள்கின்றன. எஃகு மீண்டுவிடும், பித்தளை முழுதாக மீளாது. ஆகவே உறை ஒவ்வொரு முறையும் சற்று நீண்டு, நான்காம் ஐந்தாம் முறையில் தான் பிறந்த அறைக்கே பெரிதாகிவிடுகிறது. மவுசர் 98 துப்பாக்கியில் பூட்டுக் காதுகள் முன்னால் இருப்பதால் இந்த நெளிவு குறைவு. ஆனால் அதன் தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பு இல்லை, தோளே ஹெட்ஸ்பேஸைத் தீர்மானிக்கிறது. அங்கே தோளை அளவுக்கு மீறித் தள்ளினால் நேரடியான ஆபத்து. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்யக் கூடாது.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பார்க்கச் சொன்னேன். மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத காலி உறைமேல் மெழுகுவர்த்திப் புகையைப் படியவைத்து, போல்டை மென்மையாக மூடித் திறந்தால் போதும், கரி அழிந்த இடமே காட்டிக்கொடுக்கும். காலி உறை நுழைந்து, குண்டு பொருத்திய வெற்றுத் தோட்டா மட்டும் நுழையவில்லை என்றால் குண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது குண்டைப் பிடிக்க உறையின் வாயை இறுக்கும்போது தோள் பிதுங்கியிருக்கிறது. உறையின் நீளம் 56.44 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் வாயை வெட்டிக் குறைக்க வேண்டும். உயிருள்ள தோட்டாவை வைத்து இந்தச் சோதனையைச் செய்வதும், மூடாத போல்டை உள்ளங்கையால் அடித்து மூடுவதும் கூடவே கூடாது.

அவன் அனுப்பிய படத்தில் தோளைச் சுற்றியும், அடியில் ஒரு பக்கத்திலும் மட்டும் கரி அழிந்திருந்தது. தோள் வளர்ந்திருக்கிறது, போல்டின் முகம் முழுச் செங்கோணத்தில் இல்லாததால் உறை ஒருபக்கம் சாய்ந்தும் இருக்கிறது. மன்றத்து நண்பர் ஒருவர் போல்ட் தலையை மாற்றச் சொன்னாராம். எண் 4 இல் 0 முதல் 3 வரை எண்ணிட்ட திருகுத் தலைகள் உண்டு. சிறியதைப் போட்டால் போல்ட் மூடும், ஆனால் இடைவெளி கூடி, பித்தளை மெலியும் பழைய நோய் திரும்பும். அதை நான் ஏற்கவில்லை.

ஒரே துப்பாக்கி உள்ளவனுக்கு மூன்றாம் வழிதான் என் தேர்வு. தோள் 0.05 மி.மீ. பின்னே போனால் போதும். டையின் மரை அங்குலத்துக்கு 14 என்பதால் ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ.; நமக்கு வேண்டியது ஏறத்தாழ 10 டிகிரி திருப்பம். கால் சுற்று என்று கைப்பழக்கத்தில் திருப்பினால் முழுச் சுருக்கத்துக்கே போய்விடும். டையின் தலையில் கோடு கீறிக்கொண்டு, சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் காலி உறையைப் போட்டுப் பார்த்து, போல்ட் லேசாக உணரும்படி மூடும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். புதிய உறைக்கு முதல் முறை சுடும்போது விளிம்புக்கு முன்னே ஒரு ரப்பர் வளையம் மாட்டினால், அடிப்பாகம் போல்டை ஒட்டி நின்று முதல் இழுப்பே குறைகிறது.

சாய்வுக்கு விளிம்பில் ஒரு சிறு கோடு போட்டு, அந்தக் கோடு எப்போதும் மேலே வரும்படி ஏற்றச் சொன்னேன். பன்னிரண்டாவது முயற்சியில் போல்ட் ஒரு விரலால் மூடியதாம். டையின் பூட்டு நட்டை அங்கேயே இறுக்கிவிட்டான்.