பிக்கப்ல ஹீட் முள்ளு ஏறுதுன்னு ஒர்க்‌ஷாப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, எனக்கு 18,500 போச்சு

இப்பதான் வீட்டுக்கு வந்தேன், ஆத்தரம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். 18,500 ரூபாய்ங்க. தக்காளி லோடு அடிச்சு சேத்த காசு. இந்த கோளாற எப்படி கண்டுபுடிக்கறதுன்னு கடைசில விவரமா சொல்றேன், மொதல்ல நடந்தத கேளுங்க.

என்னுது 2008 மாடல் டீசல் பிக்கப். ராயக்கோட்டைல தக்காளி ஏத்தி சேலத்துல எறக்கிட்டு காலியா திரும்பறப்போ, தொப்பூர் கணவாய் ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு சட்டுனு ஹெச்-ல, அதாவது சூடு பக்கம் போய் ஒட்டிக்கிச்சு. ஓரங்கட்டி பாத்தா ஆவி இல்ல, தண்ணி கொதிக்கல, டப்பால கூலன்ட் அளவு அப்படியே இருக்கு. மறுநாள் விடிகாலைல, ராத்திரி பூரா நின்ன வண்டி, இன்ஜின் ஜில்லுன்னு கெடக்கு, சாவிய திருப்பினதும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே முள்ளு ஹெச். இத அப்படியே அந்த ஒர்க்‌ஷாப்ல சொன்னேன். கிருஷ்ணகிரி பக்கம் பைபாஸ் ஓரத்துல ஒரு கடை, பேரு வேணாம்.

அந்த தம்பி டீ வாங்கிக் குடுத்து பொறுமையா கேட்டான். "ஹெட் கேஸ்கெட் போயிருக்குணா, இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும், நம்ம வண்டியா நெனச்சு பாத்துத் தரேன்"னு தோள்ல கை வச்சான். ஹெட் கேஸ்கெட்னா இன்ஜினோட மேல்பாகத்துக்கும் (ஹெட்) கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு. அங்கதான் நம்பிட்டேன். கேஸ்கெட் போன அறிகுறி எதையும் பாக்கல; ஆயில் வெளுத்திருக்கான்னு ஆயில் கேஜ உருவி பாக்கல, ரேடியேட்டர்ல குமிழி வருதான்னு பாக்கல, வெள்ளப் புகையும் இல்ல, ஆனா ஹெட்ட கழட்டிட்டாங்க. ஆறு நாள் வண்டி அங்கயே. கேஸ்கெட், ஹெட் ஃபேஸிங் (ஹெட்ட சமமா தேய்க்கறது), வாட்டர் பம்ப், லேபர்னு 18,500. பில்லு கேட்டா காலண்டர் தாள் பின்னாடி எழுதிக் குடுத்தான், பழைய கேஸ்கெட்ட கேட்டா குப்பைல போயிடுச்சாம்.

காவேரிப்பட்டணம் கூட தாண்டல, முள்ளு மறுபடி ஹெச். போன் பண்ணா "புது கேஸ்கெட்ணா, செட் ஆகட்டும், 200 கிலோமீட்டர் ஓட்டுங்க". ஓட்டிட்டு கூப்ட்டா "வண்டி பழசுணா". நேர்ல போனா "ஓனர் வெளியூர்". அதுக்கப்புறம் போனே எடுக்கல.

இன்னிக்கு பாலக்கோட்டுல ஒரு வயசான எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டினேன். இன்ஜின் சூட்ட அளக்கற சென்சார்ல இருந்த ஒத்த ஒயர புடுங்கிட்டு சாவி போடச் சொன்னாரு. முள்ளு சி-க்கு, அதாவது குளிர் பக்கம் விழுந்திருக்கணும், விழல. "சென்சாரும் நல்லாருக்கு இன்ஜினும் நல்லாருக்கு, ஒயர் எங்கியோ பாடில தொடுதுப்பா"ன்னு ஒயர கையாலயே தடவிப் பாத்துக்கிட்டே போனாரு. இன்ஜின் பிராக்கெட்ல ஒரசி ஒரசி தோல் உரிஞ்சு, நகத்தளவு செம்பு பளபளன்னு தெரிஞ்சுது. டேப் சுத்தி ஒரு ஸ்லீவ் போட்டாரு, முள்ளு எறங்கிடுச்சு. 150 ரூபா வாங்கினாரு. அதுக்கு நான் குடுத்தது 18,500!

விவரமா சொல்றேன்னேன், ராத்திரி லோடு இருக்கு, வேகமா சொல்லிடறேன். ஆறின இன்ஜின்ல சாவி போட்டதுமே முள்ளு ஹெச் போனா அது சூடு இல்ல, ஒயர், சென்சார், மீட்டர் இதுல ஒண்ணு. சென்சார் ஒயர கழட்டினதும் முள்ளு விழுந்துச்சுன்னா சென்சார பாருங்க, விழலன்னா ஒயரயும் மீட்டரயும் பாருங்க. ஓட்டறப்போ ஏறினா மட்டும் மீட்டர் கோளாறுன்னு நெனச்சு ஓட்டிடாதீங்க, நிறுத்தி கூலன்ட் பாருங்க, சூட்டுல ரேடியேட்டர் மூடிய தொறக்காதீங்க. கழட்டின பழைய பார்ட்ஸ கைல வாங்காம காசு குடுக்காதீங்க.

காலண்டர் தாள பத்திரமா வச்சிருக்கேன். லோடு எறக்கிட்டு நாளைக்கு அந்த கடை வாசல்ல போய் நிக்கப் போறேன்.