ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எடுப்பவர்களே, யூரின் ரிப்போர்ட்டை ஒருமுறை நீங்களே பாருங்கள்

அப்பாவுக்கு 63 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் பல வருடமாக மாத்திரை. போன வருடம் ஒரு லேப்பில் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் எடுத்தோம். பளபளவென்று ஃபைல் வந்தது. கூடவே போனில் இலவச டாக்டர் ஆலோசனை. "கிட்னி வேலையைக் காட்டுற ரத்த டெஸ்ட் கிரியாட்டினின் நார்மல், கிட்னிக்கு ஒண்ணும் இல்ல. வைட்டமின் டி மட்டும் கம்மி" என்று சொல்லி, அவர்கள் விற்கும் மாத்திரையையே வாங்கச் சொன்னார். "யூரின்ல நுரை ஜாஸ்தியா இருக்குங்க டாக்டர்" என்றார் அப்பா. "தண்ணி நிறைய குடிங்க சார்." பேச்சு முடிந்தது.

சில மாதங்களில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. நரம்பியல் டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் யூரின் புரோட்டீன் 2+ என்று இருந்தது, அதாவது யூரினில் புரோட்டீன் கணிசமாகப் போகிறது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியதற்குத் தடித்த எழுத்தும் சிவப்பு அம்புக்குறியும் போட்டவர்கள், இதை மட்டும் சாதா எழுத்தில் விட்டிருந்தார்கள்.

புரோட்டீன் போனதால்தான் ஸ்ட்ரோக் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சிறுநீரக வடிகட்டியில் அல்புமின் என்ற ரத்தப் புரோட்டீன் கசிந்தால், உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களின் உள்சுவரும் கெட்டுக்கொண்டிருக்கலாம், மூளைக்குப் போவதும் சேர்த்துத்தான். பிரஷரையும் சுகரையும் கழித்துக் கணக்குப் பார்த்தாலும், கசிவு உள்ளவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம் கூடுதல் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கிரியாட்டினின் நார்மலாக இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடும். அதைத்தான் அந்தப் போன் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும்.

சுகர், பிரஷர் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை யூரின் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லேப்பில் ஏ.சி.ஆர். என்றால் தெரியும். சாதாரண யூரின் டெஸ்டில் ஆரம்பக் கசிவு பெரும்பாலும் சிக்காது. ஏ.சி.ஆர். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், கடும் உடற்பயிற்சி இருந்தாலும் அளவு ஏறும் என்பதால், கூடுதலாக வந்தால் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் பிரஷர் மாத்திரையையே மாற்ற வேண்டிவரலாம். கசிவைக் குறைக்கும் டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை இருக்கின்றன. அப்பா அதுவரை சாப்பிட்டது வேறு ரகம்.

லேப்பில் போய்க் கேட்டோம். 'மருத்துவரை அணுகவும்' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அப்புறம் அடுத்த பேக்கேஜுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.