தி. நகரில் உட்கார இடம்

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு வந்தால் தி. நகருக்குக் கூட்டிப்போகாமல் அம்மா விடமாட்டார். முழங்கால் வலி எல்லாம் ஜவுளிக்கடை வாசலோடு சரி.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரை போகும் ஆகாய நடைபாதையில் ஏறினோம். 2023 மே மாதம் திறந்தது. ஏறக்குறைய 570 மீட்டர் நீளம். லிப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. பெட்டியும் பையுமாக பஸ் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கீழே ரங்கநாதன் தெருவில் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. கடந்து போவதற்கா அந்தத் தெருவுக்கு வருகிறார்கள்? கர்சீப், ஹேர்கிளிப், டீ வடிகட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் விலை கேட்டுக்கொண்டே நகரத்தானே வருகிறார்கள். அம்மாவும் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அந்த நைட்டி என்ன விலைன்னு கேட்டிருக்கலாம்டா" என்றார்.

பாண்டி பஜாரில்தான் நிறைய நேரம் இருந்தோம். 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கி நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறந்தார்கள். நடுவில் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. என்னைக் கேட்டால் அந்த அகலத்தைவிட இருக்கைகள்தான் முக்கியம். சென்னைக் கடைத்தெருவில் காசு கொடுக்காமல் உட்கார வேறு எங்கே இடம் இருக்கிறது? மனைவி உள்ளே புடவை பார்க்க, பைகளுக்குக் காவலாக ஒரு வரிசைக் கணவர்கள். ஷிப்ட் முடிந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண்கள். ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிக் கும்பல். அம்மா பக்கத்திலிருந்த பாட்டியிடம் அரை மணி நேரத்தில் மருமகள் கதைவரை கேட்டு முடித்துவிட்டார்.

இங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை 2013-இல் மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கம்மல் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? நாங்கள் போனபோது ஓரத்தில் பூக்கூடையும் பொம்மைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. எனக்கு அதில் வருத்தமில்லை. நடைபாதையில் ஏறி ஹாரன் அடித்த பைக்காரர்மேல்தான் கோபம்.

பெரிய குறை கழிப்பறை. விசாரித்துப் போன ஒன்று பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு ஓட்டலில் வேண்டாத காபி இரண்டு வாங்கி வேலையை முடித்தோம். (டொராண்டோ சுரங்க ரயிலிலும் பெரும்பாலான நிலையங்களில் கழிப்பறை கிடையாது, நான் பெருமையடிக்க ஒன்றுமில்லை.)

வயதானவர்களோடு போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். பகலில் கல் இருக்கை சுடும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.