கடேனா, சட்டான்: வாடகை தரும் நிலமா, திரும்பி வந்த நிலமா?

ஜப்பானின் ஒகினாவாத் தீவின் மேற்குக் கரையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் கடேனாவும் சட்டானும். 1948 வரை இரண்டும் ஒரே கிராமம். நடுவே அமெரிக்க விமானத் தளம் வந்து உட்கார்ந்ததும் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போய்வர வழியில்லாமல் போனது. அதனாலேயே கடேனா தனி ஊராகப் பிரிந்தது. இன்று ஒன்று தளத்தை வைத்துக்கொண்டு பிழைக்கிறது. மற்றது தளம் விட்டுப்போன நிலத்தில் வளர்ந்திருக்கிறது.

கடேனாவின் பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர். அதில் 82 சதவீதம் தளத்தின் வேலிக்குள். மிச்சமிருக்கும் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில்தான் சுமார் 13,000 பேரின் வீடு, பள்ளி, கடை எல்லாம். தளத்தால் வரும் பணம் என்றதும் அமெரிக்கா கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நிலத்துக்கு வாடகை தருவது ஜப்பான் அரசு. ஜப்பானின் பிற பகுதிகளில் தள நிலம் பெரும்பாலும் அரசுடையது. ஒகினாவாவில் ஏறக்குறைய 40 சதவீதம் தனியார் நிலம் என்பதால், வாடகை நேராக உரிமையாளர் கைக்குப் போகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அங்கேதான். தள நிலம் சந்தையில் விற்கப்படுகிறது. விலையை ஆண்டு வாடகையின் இத்தனை மடங்கு என்று பேசுவார்கள். சீக்கிரம் திரும்பி வராது என்று தெரிந்த நிலத்துக்கு மடங்கு கூடும். அதனால் கடேனா விமானத் தள நிலத்துக்குக் கிராக்கி அதிகம். வாங்குகிறவர் தீவில் வசிக்க வேண்டும் என்பதில்லை. அவர் வெளியூர்க்காரராக இருந்தால் வாடகையும் வெளியூருக்குப் போய்விடும். வேலி மட்டும் ஊரில் நிற்கும்.

ஊராட்சிக்குக் கிடைப்பது அரசின் ஈட்டுநிதியும் சிறப்புத் திட்டப் பணமும். அதைக் கடேனா வீணாக்கவில்லை. ஊர் நடுவில் இருந்த பழைய வட்டச் சந்திப்புப் பகுதியைத் திருத்தி அமைத்தது. 2008-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒகினாவாப் பிரிவு அலுவலகமே மாகாணத் தலைநகர் நாஹாவிலிருந்து அங்கே வந்தது. ஆனாலும் புதிதாக ஒரு தொழிற்கூடம் கட்ட வேண்டுமென்றால் இடம் எங்கே? பணம் இருந்தும் நிலம் இல்லாத ஊர் அது.

தள வேலைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜப்பான் அரசே பணியமர்த்துவதால் நிலையான வேலை. அதற்குப் போட்டி எப்போதும் உண்டு. எண்ணிக்கைதான் சுருங்கிவிட்டது. 1972-ல் ஒகினாவா அமெரிக்க ஆட்சியிலிருந்து ஜப்பானிடம் திரும்பியபோது சுமார் 20,000 பேர், இப்போது சுமார் 9,000. மாகாண வருமானத்தில் தளங்களின் பங்கு 1965-ல் 30.4 சதவீதம், 1972-ல் 15.5 சதவீதம், அண்மை ஆண்டுகளில் 5, 6 சதவீதம். தளம் போனால் தீவே பட்டினி கிடக்கும் என்ற வாதம் அறுபதுகளில் எடுபட்டிருக்கலாம். இன்றைய கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சட்டானுக்கு வருவோம். அங்கே அமெரிக்கர் வசமிருந்த ஹாம்பி விமானத் திடல் 1981-ல் திரும்பியது. ஊர் அதோடு நிற்காமல் பக்கத்துக் கடலையும் தூர்த்து இடம் சேர்த்தது. சட்டானின் மிஹாமா பகுதியில் இருக்கும் கடைகள், திரையரங்குகள், கடற்கரை விடுதிகள் எல்லாம் அதன் பிறகு எழுந்தவை. மாகாண அரசின் கணிப்பில், சட்டானில் திரும்பிய குவாயே-கிட்டாமாயே பகுதியின் ஆண்டுப் பொருளாதாரப் பலன் 30 கோடி யென்னிலிருந்து 3,360 கோடி யென்னாக உயர்ந்தது. அங்கே முன்பு வேலையே இல்லை. பிறகு 3,368 பேருக்கு வேலை.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் கூடாது. பெரும்பகுதி கடை விற்பனை. வாங்குகிறவர் கூட்டம் தீவுக்குள் இடம் மாறினால் ஓர் ஊரின் வரவு இன்னோர் ஊரின் இழப்பு. தளத்தின் இரண்டாம் வாசலை நம்பியிருந்த, பக்கத்து ஒகினாவா நகரத்தின் கோசா பகுதிக் கடைத்தெருக்களைப் பார்த்தால் இது புரியும்.

நிலம் திரும்பியதும் மறுநாளே கட்டடம் எழும்பாது. முதலில் வெடிக்காத குண்டுகளைத் தேட வேண்டும், பிறகு மண்ணைச் சோதிக்க வேண்டும், புதைபொருள் ஆய்வும் நடக்க வேண்டும். அதன் பின்தான் மனைச் சீரமைப்பு. அதில் ஒவ்வொரு உரிமையாளரும் சாலைக்கும் பூங்காவுக்கும் தன் நிலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர் ஒப்புக்கொள்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். நாஹாவின் புதுநகர் நிலம் முழுதாகத் திரும்பியது 1987-ல். மாகாண அருங்காட்சியகம் அங்கே திறந்தது 2007-ல். நில ஒப்படைப்புக்குப் பிறகு உரிமையாளருக்கான அரசு உதவித்தொகையோ அடிப்படையில் மூன்று ஆண்டுகளுக்குத்தான்.

மண்ணில் என்ன கிடக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும். 1987-ல் திரும்பிய நிலத்தில் ஒகினாவா நகரம் கால்பந்து மைதானம் அமைத்தது. 2013-ல் அதன் அடியிலிருந்து பீப்பாய்கள் வரத் தொடங்கின, மொத்தம் 108. படைகளின் நிலை பற்றிய ஒப்பந்தப்படி நிலத்தைப் பழையபடி சீர்செய்து தரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லை. செலவு ஜப்பான் வரி செலுத்துவோர் தலையில்.

வாடகைக் கணக்கில் வராத செலவு கடேனா பக்கத்திலும் உண்டு. விமான இரைச்சலுக்கு எதிராக 2022-ல் தொடுத்த நான்காவது வழக்கில் வாதிகள் 35,566 பேர். முந்தைய தீர்ப்புகள் இழப்பீடு கொடுத்தன, பறப்பதை நிறுத்தவில்லை.

போக்குவரத்தில் இரண்டு ஊருமே தோற்றவைதாம். போருக்கு முன் நாஹாவிலிருந்து கடேனாவுக்குச் சிறு ரயில் ஓடியது. பாதை திறந்தது 1922-ல். 1945-ல் அழிந்தது, மறுபடி போடப்படவே இல்லை. இன்று எல்லாச் சுமையும் 58-ஆம் எண் நெடுஞ்சாலை மீது. அதுவும் அமெரிக்கர் காலத்து 1-ஆம் எண் ராணுவச் சாலைதான். தளம் குறுக்கே கிடப்பதால் கிழக்கு-மேற்காகப் போக வழிகள் மிகக் குறைவு. கடேனாவிலிருந்து ஒகினாவா நகரத்துக்கு 74-ஆம் எண் சாலை விமானத் தளத்துக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் நடுவே நெளிந்து போகிறது.

பேருந்து என்றால் நாஹாவிலிருந்து 20, 28, 29, 120 எண் வண்டிகள். நெரிசல் நேரத்தில் பேருந்துக்கென ஒதுக்கும் சாலைத் தடம், சட்டானுக்குத் தெற்கே கினோவான் நகரின் இசாவோடு முடிந்துவிடுகிறது. சட்டானின் நெரிசல் அதற்கு அப்பால். 2003-ல் வந்த மோனோரயில் 2019-ல் பக்கத்து நகரமான ஊராசோயேவரை நீண்டு 17 கிலோமீட்டரானது. இரண்டு ஊரையும் அது தொடவில்லை.

நாஹாவிலிருந்து வடக்கே நாகோவுக்குத் திட்டமிடும் ரயிலுக்கு 2018-ல் மாகாணம் பரிந்துரைத்த வழி சட்டானைத் தொட்டுப் போகிறது. மத்திய அரசின் கணக்கிலோ பலனைச் செலவால் வகுத்து வரும் எண் இன்னும் ஒன்றைத் தாண்டவில்லை. என் பார்வையில் திரும்பி வந்த நிலமே மேல். ஆனால் பேருந்துத் தடத்தையும் ரயில் வழியையும் மனைச் சீரமைப்பின்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். கடைகள் எழுந்த பிறகு அந்த அகலம் கிடைக்காது. கினோவானின் நடுவில் 476 ஹெக்டேர் ஃபுட்டென்மா அமெரிக்க விமானத் தளம் திரும்புவதற்காகக் காத்திருக்கிறது. அங்கே வரைபடத்தில் முதல் கோடு கடைக்கா, தண்டவாளத்துக்கா என்பதை நிலம் வேலிக்குள் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.