டர்ன்ஸ்டைல்: வாசகரைச் சோதிக்காத காவல்

பறவை நோக்கும் எங்கள் குழுவின் மாத மடலுக்குச் சந்தா சேர்க்கும் படிவம் என் பொறுப்பில் இருக்கிறது. பெயர், மின்னஞ்சல் என்று இரண்டே கட்டங்கள் கொண்ட அந்தப் படிவத்தில் திடீரென்று பதிவுகள் குவியத் தொடங்கின. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் இருந்தன. சிலவற்றில் பரிசு விழுந்திருப்பதாக ஒரு வரியும் அதன் கீழே ஓர் இணைப்பும் இருந்தன. முகவரிகள் மட்டும் பெரும்பாலும் உண்மையானவை. என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். மடலைக் கேட்காத யாரோ ஒருவரின் பெட்டிக்கு எங்கள் குழுவின் பெயரில் அஞ்சல் போய்க்கொண்டிருந்தது.

இவற்றைப் போட்டவை பாட்கள், அதாவது மனிதர் போலத் தானாகவே படிவங்களை நிரப்பும் நிரல்கள். அவை இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. ஒருவரின் முகவரியை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான படிவங்களில் பதிந்துவிட்டால் அவருடைய அஞ்சல் பெட்டி நிரம்பி வழியும். அந்த நேரத்தில் அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால், வங்கியின் எச்சரிக்கை அந்தக் குவியலில் புதைந்து போகும். 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முகவரிகள் பல இவ்வாறு மூழ்கடிக்கப்பட்டன. பெயர்க் கட்டத்தில் இணைப்பை எழுதுவது இன்னொரு தந்திரம். 'வணக்கம்' என்று பெயரைச் சேர்த்துத் தொடங்கும் வரவேற்பு அஞ்சல் அந்த இணைப்பையும் சுமந்துகொண்டு நம் பெயரில் போய்ச் சேரும். ஆக, சின்னப் படிவம்தானே என்று விட்டுவைப்பது மூன்றாம் மனிதருக்குச் செய்யும் தீங்கு. அதன் விலை அனுப்புபவருக்கும் உண்டு. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கண்டிப்பு காட்டுகிறது.

தடுப்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல். 2022 செப்டம்பரில் அறிமுகமான சேவை இது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இலவசப் பிரிவே போதும். தளத்தை அந்த நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இது வாசகரிடம் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை என்பதே. போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேப்ட்சாக்கள் எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. எங்கள் வாசகர்களில் பலர் மூத்தவர்கள். சிலருக்குப் பார்வை மங்கல். தூரத்துப் பறவையைக் குரலால் அடையாளம் காண்கிற ஒருவரை, மங்கிய படத்தின் முன் நிறுத்தி மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்வது அவமதிப்பு. டர்ன்ஸ்டைல் அந்தச் சோதனையைப் பிரௌசரின் மேல் வைக்கிறது. பின்னணியில் சிறு கணக்குகளைப் போடச் செய்து, பிரௌசரின் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்கிறது. சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு பெட்டியில் குறியிடச் சொல்லும். கண்ணுக்கே தெரியாமல் இயங்கும் முறையும் உண்டு. ஆனால் ஏதோ சரிபார்க்கப்படுகிறது என்பது வாசகருக்குத் தெரிவது நல்லது என்பதால் நான் தெரியும் முறையையே வைத்திருக்கிறேன்.

நிறுவுவது எளிது, பாதியில் நிறுத்திவிடுவது அதைவிட எளிது. பக்கத்தில் ஒரு துண்டு நிரலைச் சேர்த்ததும் பச்சைக் குறி தோன்றும், வேலை முடிந்தது போலத் தெரியும். உண்மையில் அதுவரை எதுவும் காக்கப்படவில்லை. பச்சைக் குறியோடு ஒரு டோக்கன், அதாவது சோதனை நடந்ததற்குச் சான்றான ஓர் எழுத்துத் தொடர், பிறக்கிறது. படிவத்தோடு வரும் அந்த டோக்கனை நம் சர்வர் கிளவுட்ஃபிளேரிடம் அனுப்பி, செல்லுமா என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், பக்கத்தைத் திறக்காமலே நேராகப் படிவத்தின் முகவரிக்குத் தரவை அனுப்பும் பாட் தடையின்றி உள்ளே வந்துவிடும். ஒரு டோக்கன் ஒரு முறைதான் செல்லும், அதுவும் 300 விநாடிகளுக்குள். படிவத்தைச் சேவையோடு இணைக்கும் குறியீடுகளைச் சாவிகள் என்பார்கள். எப்போதும் தோல்வியே தரும் சோதனைச் சாவிகளையும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் போட்டுப் பார்த்து, பதிவு உண்மையிலேயே மறுக்கப்படுகிறதா என்று உறுதிசெய்த பிறகே படிவத்தைத் திறந்துவிடுங்கள்.

எங்கள் படிவத்தில் குப்பைப் பதிவுகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. அந்தப் பெருமை முழுவதையும் டர்ன்ஸ்டைலுக்குக் கொடுக்க மாட்டேன். பெயர்க் கட்டத்தையே எடுத்துவிட்டேன். மடல் அனுப்பப் பெயர் எதற்கு? மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக் கட்டமும் படிவத்தில் இருக்கிறது. பாட் மட்டுமே அதை நிரப்பும், நிரம்பி வந்தால் பதிவு தள்ளப்படும். இவை இரண்டும் செலவில்லாத வேலைகள், எந்தச் சேவையை வாங்குவதற்கு முன்பும் செய்ய வேண்டியவை.

பதிவான முகவரிக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும் உறுதிப்படுத்தும் அஞ்சலை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். கூலிக்கு ஆள் வைத்துப் படிவம் நிரப்புபவர்களை டர்ன்ஸ்டைல் தடுக்காது, அவர்கள் மனிதர்கள்தானே. முகவரிக்கு உரியவர் தானே ஒப்புக்கொண்டாரா என்பதை அந்த அஞ்சல் மட்டுமே சொல்லும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் வருகிற அஞ்சலில் உள்ள இணைப்புகளை ஆபத்தானவையா என்று தாமே திறந்து பார்க்கின்றன. இணைப்பு திறந்தவுடனே சந்தா உறுதியாகிவிடும் என்று அமைத்திருந்தால், மனிதர் யாரும் பார்க்காமலே ஒப்புதல் பதிவாகிவிடும். அதனால் இணைப்பு ஒரு பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே உள்ள பொத்தானை அழுத்தினால்தான் சந்தா தொடங்க வேண்டும்.

இரண்டு குறைகள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு டர்ன்ஸ்டைல் வேலை செய்யாது. அவர்களுக்காகப் படிவத்தின் கீழே எங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். ஒரு வரி எழுதினால் நானே சேர்த்துவிடுவேன். இன்னொன்று, வருகிறவர் யார் என்ற தீர்ப்பை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கிறோம். அந்தச் சேவை முடங்கினால் படிவமும் முடங்கும். இது உறுத்துமானால் திறமூல மென்பொருளான ஆல்ட்சாவைப் பாருங்கள். அது பிரௌசருக்குக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, விடையை நம் சர்வரிலேயே சரிபார்க்கிறது. பராமரிக்கும் வேலை நம் தலையில் விழும். எனக்கு அதற்கு ஆள்பலம் இல்லாததால் டர்ன்ஸ்டைலோடு இருக்கிறேன். சர்வரைத் தாமே நிர்வகிக்கும் குழு என்றால் ஆல்ட்சாவைத்தான் முதலில் சொல்வேன்.