மகளுக்கு வாங்கிய ஜிபிஎஸ் வாட்ச்: ஆறு மாதம் கழித்து

ஒன்பது வயது மகளை நூலகத்துக்குத் தனியாக அனுப்பலாம் என்று முடிவெடுத்தபோது அவளைவிட எனக்குத்தான் பயம். அந்தப் பயத்தில் வாங்கியது இந்த வாட்ச்.

போன் பேச அருமை. நாம் பதிந்து வைத்த எண்களைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் ஒலிக்காது. "அப்பா, மழை வருது, கொஞ்சம் லேட்டாகும்" என்று அவள் சொல்லும்போது கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றும். பட்டை வேர்வையில் அரிக்கிறது, சார்ஜ் சாயங்காலம் வரைகூட நிற்பதில்லை, அதெல்லாம் சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் மேப்தான் படுத்துகிறது. வெட்டவெளியில் சரியாகக் காட்டும். கட்டடத்துக்குள் நுழைந்தால் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காமல், பக்கத்து வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்துக் குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைக்கும். ஒருநாள் அந்தப் புள்ளி நூலகத்தை விட்டு மூன்று தெரு தள்ளி, ஆற்றோரமாகப் போய் நின்றது. செருப்பை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் நூலகத் தரையில் சம்மணம் போட்டு டைனோசர் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது?"

அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "உன்னை நான் தேடினதே இல்லடா, பசிச்சா வந்துடுவே." அது பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் மேல் நான் நடந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இங்கிலாந்தில் 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள், 1990இல் அது 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது என்று ஓர் ஆய்வில் படித்தேன். பெற்றோர் சொன்ன பெரிய காரணம் வண்டிப் போக்குவரத்து. வருகிற காரை வாட்ச் நிறுத்துமா? அவளை முன்னால் விட்டு இரண்டு வாரம் பின்னாலேயே நடந்து ரோடு கடக்கப் பழக்கினேனே, அதுதான் உதவியது.

அப்புறம் இதில் ஓர் ஒட்டுக்கேட்கும் வசதி இருக்கிறது, குழந்தைக்குத் தெரியாமலே சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்கலாம். இந்த மாதிரி வாட்ச்களை ஜெர்மனி 2017இல் தடை செய்தது. நானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். தோழியிடம் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா சும்மாவே பயப்படுவாரு." வெட்கமாகிவிட்டது, உடனே அணைத்துவிட்டேன்.

பேசுவதற்கு ஐந்துக்கு நான்கு. மேப்புக்கு ஒன்றரை, அதுவும் வெட்டவெளிக்காக.